மாதிரி விடையில் என் மகன்

1

என் மகனுக்கு அடையாற்றில் மூன்று அம்மாக்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. ஒருத்திக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் நாலாவது அம்மா, பெற்றவள். போன மாதம் சென்னைக்கு வந்து திரும்பியதிலிருந்து இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசி களையும்போதும் ஓடுகிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஓடுகிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது. ஊரில் இருக்கிற உங்களுக்குப் புரியும்.

நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்தவள். கணவரின் வேலைக்காகக் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்தபோது அருண் நாலு வயதுக் குழந்தை. இப்போது மீசை அரும்பிவிட்டது. இங்கே மறுபடி டீச்சர் ஆவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. பி.எட். படிப்பில் என்னென்ன பாடம் படித்தேன் என்ற விவரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்று எழுதினேன். சரி, அப்படியானால் மொழிபெயர்த்தவரின் கையெழுத்து வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில், பாதியில் படிப்பை விட்ட பெரியவர்களுக்குத் தபாலில் பாடம் நடத்தும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. லாரி ஓட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லாரும் எனக்கு மாணவர்கள்.

2

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிலையம் தபாலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியது. பாடத்தை இணையத்தில் போடுவோம். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே படித்துவிட்டுக் கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். வகுப்பு என்றால் கண்ணைப் பார்த்தே இவனுக்கு ஏறியது, இவளுக்கு ஏறவில்லை என்று சொல்லிவிடலாம். இங்கே கண்ணுக்கு எங்கே போவது? எங்களில் ஒருவருக்கும் இந்த வித்தை தெரியவில்லை.

எங்கள் தலைவர் ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு வலைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நடத்தியதில் எது எடுபட்டது, எது சொதப்பியது, ஏன் என்று அன்றன்றே எழுதிப் போடுங்கள். மற்ற டீச்சர்கள் படித்துவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதை எழுதட்டும் என்றார். இந்த மாதிரி எழுத்துக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. சிலர் ஆன்லைன் டைரி என்கிறார்கள், சிலர் வெப் லாக் என்கிறார்கள்.

எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நம் ஊர் டீச்சர், தெரியாது என்ற வார்த்தையை வாயில் வரவிடுவாளா? குழந்தை கேள்வி கேட்டால் 'அதை நாளைக்குப் பார்க்கலாம், உட்கார்' என்றுதான் நானும் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் எழுதத் தொடங்கியபின் விட முடியவில்லை. பருவக்காற்றைப் பற்றி நான் எழுதிய பாடம் யாருக்குமே புரியவில்லை என்று ஒரு நாள் எழுதினேன். ஆஸ்திரேலியாவில் முகம் தெரியாத ஒரு டீச்சர், தனக்கும் அப்படித்தான் ஆயிற்று, படத்தை முதலில் போட்டுப் பார் என்று பதில் போட்டார். சரிப்பட்டது. தோற்றதைச் சொன்னால் ஆள் கிடைக்கும் என்பதே எனக்குப் புதிய சேதி.

இப்படி இருக்கும்போதுதான், போன இலையுதிர் காலத்தில், அருண் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். சண்டை இல்லை, கெட்ட சகவாசம் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. என்னடா என்று கேட்டால் 'முடியல' என்பான். டாக்டரிடம் போனோம், ஆலோசகரிடம் போனோம், அவர்கள் முன்னாலும் அதே ஒரு வார்த்தைதான். தினமும் சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு யந்திரம் போன் செய்யும். பதிவு செய்த பெண் குரல், 'உங்கள் குழந்தை' என்று சொல்லிவிட்டு நிறுத்தும். பிறகு வேறொரு குரல் 'ஆரூன்' என்று அவன் பெயரைக் கொலை செய்யும். பிறகு முதல் குரல் 'இன்று வரவில்லை' என்று முடிக்கும். தெரிந்துகொண்டோம் என்பதற்கு நாம் ஒன்று என்ற பொத்தானை அழுத்த வேண்டும். என் கணவர் ஒவ்வொரு நாளும் அழுத்தினார். எனக்கு அந்தப் பொத்தானைத் தொடவே கை வரவில்லை.

அதையும் என் வலைப்பக்கத்தில் எழுதினேன். வெளியே பனி முழங்காலளவு கிடக்கிறது, சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளியை விட்டுப் போனவர்களை நான் திரும்பப் படிக்கவைக்கிறேன், மாடியில் என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான், அவனிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. படிக்கப்போவது எங்கேயோ இருக்கிற நாலு வெள்ளைக்கார டீச்சர்கள்தானே என்ற தைரியம். அருணிடமும் சொல்லவில்லை.

மயிலாப்பூரில் இருக்கும் என் அண்ணாவிடம் மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "அருண் நன்னா படிக்கிறானா?" என்பார். "படிக்கிறான் அண்ணா, ஃபர்ஸ்ட்ல வரான்" என்பேன். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவரிடம் எந்த வாயால் சொல்வது?

3

அண்ணாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் தை மாதம் நான் மட்டும் வந்தேன். அருணுக்குப் பரீட்சை என்று சொன்னேன். மன்னி அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுக்கரை வேஷ்டியை என் பெட்டியில் வைத்தாள்.

விசேஷம் முடிந்த மறுநாள் சாரதா கூப்பிட்டாள். கோபாலபுரத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அடையாற்றில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். என் வலைப்பக்கத்தைச் சென்னையில் படித்த ஒரே ஆள் அவள்தான், அதுவும் ஆரம்பத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் நான் எழுதிய மூன்று பக்கங்களை ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துத் தன் மாணவிகளுக்குக் கொடுத்ததாக ஈமெயிலில் எழுதியிருந்தாள். ஒரு டீச்சர் எப்படி யோசிக்கிறாள் என்று அவர்கள் பார்க்கட்டும் என்றாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இன்றைக்கு வாய்மொழித் தேர்வு நடக்கிறது, அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்லச் சொல்லி ஒரு கேள்வி புதிதாகச் சேர்த்திருக்கிறேன், வந்து உட்கார் என்றாள். போனேன்.

மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உன் பயிற்சி அனுபவத்தில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல் என்றார். பச்சைப் புடவை கட்டிய பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், நான் தமிழில் தருகிறேன். வெளியே பனி முழங்காலளவு கிடக்கிறது என்று ஆரம்பித்தாள்.

தேர்வாளர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே அடையாற்று வெயில் கண்ணைக் கூசவைத்தது. சாரதா என் காதோரம் குனிந்து, "உன் ஊர்ப் பனிடி இது, அப்படியே நெட்டுரு" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அந்தப் பெண் மாடிக்குப் போய்விட்டாள். மாடியில் என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான் என்றாள். சாரதா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை அவள் படித்திருக்கவில்லை. நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை என்ற இடத்தில் என் எழுத்து முடிகிறது. அந்தப் பெண் முடிக்கவில்லை. ஆனால் நான் மனம் தளரவில்லை என்றாள். பொறுமையாலும் அன்பாலும் அவன் மனத்தை மாற்றினேன், இன்று என் மகன் தவறாமல் பள்ளிக்குச் செல்கிறான், வகுப்பில் முதல் மாணவனாகத் திகழ்கிறான், ஆகவே தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் ஆசிரியரே சிறந்த ஆசிரியர் என்றாள்.

ஒரு நிமிஷம் நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். எப்போது போனான், நான் இங்கே வந்த பிறகா, இவளுக்கு யார் சொன்னார்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனசு பறந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. உட்கார்ந்தேன்.

அடுத்த பெண் வந்தாள். அவளுக்கும் வெளியே பனி, மாடியில் மகன், கடைசியில் முதல் மார்க். மூன்றாவது பெண் அந்த மாடிக் கதவு வரைக்கும் வந்து அடுத்த வரியை மறந்துவிட்டாள். நம் ஊரில் மனப்பாடம் செய்கிறவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் பனியிலிருந்து ஆரம்பித்து வேகமாக ஓடிவந்து அந்த வரியைத் தாண்டினாள். தேர்வாளர் குட் என்று சொல்லி மார்க் போட்டார். கல்யாணமாகாத மூன்று பெண்களுக்கு ஒரே மகன் எப்படி என்று அந்த மனிதர் கேட்கவேயில்லை.

நடைபாதையில் மூன்றாவது பெண்ணை நிறுத்தினேன். இதை எங்கேயம்மா படித்தாய் என்றேன். தி. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை, எல்லாரும் அங்கேதான் நோட்ஸ் வாங்குவோம் மேம் என்றாள். அந்தப் பையன் யார் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பையன் மேம்?" என்றாள் அவள்.

4

சாரதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கொடுத்தது மூன்று பக்கம்தாண்டி, அதில் அருண் பேச்சே இல்லை என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லூரியில் கொடுக்கிற எந்தக் காகிதமும் முதலில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகும். கடைக்காரர் தனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார், அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று. பக்கத்தின் ஓரத்தில் இணைய முகவரியும் அச்சாகியிருந்திருக்கிறது. அதை வைத்து மீதியையும் எடுத்திருக்கிறார்கள். சாரதா இந்தக் கேள்வியைச் சேர்த்ததும் அதற்கு மாதிரி விடை தயார்.

அன்று மாலையே பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். ஊரான் வீட்டு நெய்யே என்று என் பிள்ளையை எடுத்து விற்கிறானே, போலீஸுக்குப் போவேன் என்று சொல்ல வார்த்தைகளை ஆட்டோவிலேயே சேர்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் முருகேசன், ஐம்பது வயசிருக்கும், சட்டைப் பையில் மைக்கறை. பி.எட். வாய்மொழித் தேர்வில் அனுபவக் கேள்வி என்றதும் சுருள் கம்பி போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். இதைப் படித்தால் போதும் என்றார். பிரித்தேன். என் வாக்கியங்கள் மங்கலான மையில் வரிசையாக இருந்தன. கடைசிப் பத்தியை யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தான் மேடம்" என்றார் சந்தோஷமாக. "ஒரிஜினல்ல அது பாதிலயே நிக்குது. முடிவுரை இல்லாம எப்டி? சோகமா முடிச்சா எவன் மார்க் போடுவான்?"

இதை எழுதியது நான், அது என் மகன் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தை நிறுத்தினார்.

"அப்ப அந்தப் புள்ள இன்னும் வூட்லதான் கீறானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "நான் இன்னாமோ கதைன்னு நெனச்சிக்கினேன் மேடம்" என்றார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இந்தப் பயணத்தில் என் மகன் எப்படி இருக்கிறான் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுகிறேன், ஆனால் வாங்கிப் போனதை என்ன செய்வது என்று அவரே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அந்தக் கடைசிப் பத்தியை நினைத்துப் பார்த்தேன். அந்த மனிதர் சேர்த்ததில் புதிதாக என்ன இருக்கிறது? வகுப்பில் முதல் மாணவன் என்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாவிடம் ஒப்பித்தது நான். கோபாலபுரத்தில் கட்டுரை சூறாவளியைப் பற்றியானாலும் பஞ்சத்தைப் பற்றியானாலும் முடிவுரை எழுதாத பிள்ளைக்கு மார்க் குறைத்ததும் நான்தான்.

5

அண்ணாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் ஹாலில் விசேஷத்துக்கு வந்த மாலைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மன்னி காப்பித் தம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் பனியில் ஆரம்பித்து முக்காலியில் முடித்தேன். அண்ணா உட்கார்ந்துவிட்டார். பேச்சு கோபமாகத்தான் வந்தது. வந்தவர்கள் எல்லாரிடமும் மருமான் ஃபர்ஸ்ட்டு, மருமான் ஃபர்ஸ்ட்டு என்று பீற்றிக்கொண்டேனே, என்னைப் பைத்தியக்காரனாக்கிவிட்டாயே என்றார். ஆத்து மனுஷாகிட்ட சொல்லாததை ஊருக்கெல்லாம் எழுதுவாளா ஒருத்தி என்றார். எல்லாம் நியாயம்தான். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

கோபம் ஓய்ந்தபிறகு வேறு குரலில் கேட்டார்.

"நீ எழுதினது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணா."

"மொதல்ல அவன்கிட்ட சொல்லு. ஊர்ல மூணு பேர் அவனை வெச்சுண்டு மார்க் வாங்கிண்டிருக்கா, அவனுக்குத் தெரியலைன்னா அநியாயம்."

அந்தப் பையன் என்னோடு பேசுவதே ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. இதைச் சொன்னால் அந்த நாலும் நின்றுபோகும், கதவு அப்புறம் எனக்குத் திறக்கவே திறக்காது என்று தோன்றியது. சொல்லாமலே வின்னிபெக் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை அண்ணா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாட வீதி முனையில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவரேதான் அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

6

அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு வேளை. கணவர்தான் எடுத்தார். அருணைக் கூப்பிடச் சொன்னேன். வரமாட்டான் என்றார். அவனைப் பற்றித்தான், அவன் கேட்டே ஆகவேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன். மாடிப்படியில் கால் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் எழுதினது தப்பு என்றேன். வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

"மூணு பேரா?" என்றான்.

"மூணு பேர்."

"எல்லாருக்கும் ஸ்னோ தெரியுமா?"

"பார்த்ததே இல்லை."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு தன் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டான்.

"அதுல நான் கடைசில ஸ்கூலுக்குப் போனேனா?"

"போனாய். ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினாய்" என்றேன்.

"எப்படிப் போனேன்?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்தப் புத்தகத்தில் வழி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று என் பிள்ளை கேட்கிறான். பொறுமையாலும் அன்பாலும் என்று போட்டிருக்கிறது என்று அவனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது எழுதலைடா. எனக்கும் தெரியலை" என்றேன்.

"எனக்கும்" என்றான். அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அண்ணா திரும்பிப் பார்த்து, பேசுகிறானா என்று கையால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் வின்னிபெக் திரும்பி நாளாகிவிட்டது. இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உன்னைப் பற்றி மறுபடி எழுதப்போகிறேன், இந்தத் தடவை தமிழில், நம் ஊர்க்காரர்களுக்கு, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவன் கதவைத் திறந்தான். மன்னி கொடுத்த வேஷ்டியைப் போர்த்திக்கொண்டு நின்றான்.

"எழுது. ஆனா நான் ஸ்கூலுக்குப் போனேன்னு எழுதாதே" என்றான்.

அவன் போகவில்லை.